லண்டன் விமானத்தில் ஒரு தூளி

“உன் ஊர்க்காரர் ஒருத்தர் என் விமானத்தில் துணி காயப்போடுகிறார். போய் என்னவென்று பார்.”

பரூச்சா மேடம் இதை ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அவர் குரலை உயர்த்தியதே இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் பயம். அவர் அந்த ஃப்ளைட்டின் பர்சர், அதாவது கேபினில் வேலை பார்க்கும் எங்கள் அத்தனை பேருக்கும் மேலதிகாரி. எனக்கு அது முதல் லண்டன் பயணம். அதுவரை மெட்ராஸ், பம்பாய், டெல்லி என்று உள்நாட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தவள். இந்த முறை அவர் திருப்தி என்று சொன்னால்தான் வெளிநாட்டு ரூட்டில் தொடரலாம். இல்லையென்றால் மறுபடியும் மெட்ராஸ்-பம்பாய்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பம்பாயிலிருந்து காலையில் கிளம்பியிருந்தோம், சீட் பெல்ட் விளக்கு அப்போதுதான் அணைந்திருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டிய முன்வரிசையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து நின்றிருந்தார். தலைக்கு மேலிருந்த லாக்கரைத் திறந்து, அதன் கீலில் இரும்புக் கொக்கியை மாட்டி, அதில் ஒரு காட்டன் சேலையைத் தொங்கவிட்டு முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எதிரே சுவரில் நாங்கள் மாட்டிக்கொடுத்த பாசினெட்டில், அதாவது குழந்தைத் தொட்டிலில், அவர் மகள் உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். பாசினெட் என்பது சும்மா படுத்துக் கிடக்கிற சின்னக் குழந்தைக்கானது. இவளோ ஒரு காலை வெளியே தொங்கப்போட்டு, சாக்ஸைக் கழற்றிப் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் எறிந்திருந்தாள்.

“சார், என்ன பண்றீங்க?” என்றேன், பயிற்சியில் சொல்லிக்கொடுத்த சிரிப்போடு.

“தூளி கட்றேம்மா. புள்ள தூங்கற நேரம்.”

“இதுலல்லாம் கட்டக் கூடாது சார்.”

“பயப்படாதம்மா. நான் கிரேன் ஆபரேட்டர். அம்பத்தூர் எஸ்டேட்ல டெய்லி டன் கணக்குல தூக்கறவன். என் பைய போட்டு லோடு பாத்துட்டேன். கீலு கெட்டியா கீது.”

விமானத்தின் கீலுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து சான்றிதழ் கிடைத்தது அன்றுதான் முதல்முறையாக இருக்கும். விதிமுறை, பாதுகாப்பு என்று மறுபடி ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இரண்டாவது முடிச்சைப் போட்டார். என் அழகான விமானத் தமிழ் அவரைத் தொடவே இல்லை என்று புரிந்தது. அந்தத் தமிழைக் கழற்றி வைத்தேன்.

“அண்ணா, கொக்கி தாங்கும், கீலு தாங்கும். உள்ள கீற புள்ள தாங்காது. பிளேன் திடீர்னு குலுங்குனா எகிறிப் போயி மேல இடிச்சிக்கும்.”

அவர் கை நின்றது. “குலுங்குமா? எப்பிடி?”

“நம்ம பூந்தமல்லி ரோட்ல பஸ்ஸு பள்ளத்துல எறங்குனா கடைசி சீட்டு எப்பிடி இருக்கும்? அப்பிடி.”

“நீ எந்த ஊரும்மா?”

“ஆவடி. குவார்ட்டர்ஸ்ல வளந்தேன். அப்பா ஃபேக்டரில வேல.”

“அட, நம்ம சைடு! நான் அயனம்பாக்கம், ஏரியாண்ட. பேரு சேகரு.” மறுபேச்சில்லாமல் முடிச்சை அவிழ்த்தார். தூளி கீழே இறங்கியதைப் பார்த்தாள் மகள். வாயைத் திறந்தாள்.

கேபின் நிறைய வைத்தியர்கள்

ஜம்போ விமானத்தின் இன்ஜின் சத்தத்தைவிட ஒரு பத்து மாதக் குழந்தையின் சத்தம் பெரிதாக இருக்க முடியும் என்பது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை. சாப்பாட்டு டிராலி போனது, திரும்பி வந்தது, அழுகை ஓயவில்லை. வெந்நீர் கொடுத்தேன், சேகர் பால் கலக்கினார், அவள் பாட்டிலைத் தட்டிவிட்டாள். ஒரு அம்மாள் காது அடைப்பு என்றார். இன்னொருவர் பல் முளைக்கிறது என்றார். பஞ்சாபிக்காரர் ஒருவர் கைப்பையிலிருந்து கிரைப் வாட்டர் எடுத்து நீட்டினார். அவரோடு குழந்தை எதுவும் வரவில்லை, ஏன் வைத்திருந்தார் என்று இன்றுவரை தெரியாது. கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் மட்டும் வைத்தியம் சொல்லாமல் வேறு சீட் கேட்டார். விமானம் நிரம்பி வழிந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பரூச்சா மேடத்தைக் கூப்பிடச் சொன்னார். என் வெளிநாட்டு ரூட் அப்போதே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

குழந்தையோடு சேகரைப் பின்பக்க கேலிக்கு அழைத்துப் போனேன். எங்கள் சமையல் மேடை இருக்கும் இடம் அது, திரைச்சீலை உண்டு.

“அம்மா எங்கண்ணா?”

“லண்டன்ல நர்ஸு. புள்ளைக்கு நாலு மாசம் ஆவச்சொல்லோ போனா. இப்ப பத்து. நான் தெனம் போட்டோவ காட்டி அம்மா, அம்மான்னு சொல்லிக் குடுத்தேன். இப்ப இன்னாடான்னா, அந்த அட்டையதான் அம்மான்னு நெனச்சுகினு கீது.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “ஏர்போர்ட்ல விமலாவ பாத்து மூஞ்சிய திருப்பிச்சுன்னா அவ தாங்க மாட்டா சிஸ்டர். தூங்கி எழுந்தா இது நல்ல மூடுல இருக்கும். யார்கிட்டயும் போவும். இப்பிடியே அழுதுகினு எறங்குனா...”

பேச்சை மாற்ற, அவர் தோளில் சுருண்டு கிடந்த சேலையைக் காட்டி, “மடிச்சு வெச்சிரலாம், குடுங்க” என்றேன். குழந்தையைக் கீழே போர்வையில் உட்காரவைத்துவிட்டு ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விரித்தோம். நடுவில் சேலை தொய்ந்தது.

அழுகை நின்றது.

இருவரும் கீழே பார்த்தோம். அவள் சேலையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கொரு முனை

அவளைத் தூக்கி நடுவில் போட்டார் சேகர். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கிட்டத்தட்ட தரையைத் தொடும் உயரத்தில் மெல்ல ஆட்டினோம். கட்டைவிரல் வாய்க்குப் போனது. அந்த நேரம் பார்த்துத் திரைச்சீலை விலகியது. பரூச்சா மேடம்.

“கட்டக் கூடாது என்று சொன்னதாக ஞாபகம்.”

“கட்டவில்லை மேடம். பிடித்துக்கொண்டிருக்கிறோம்.”

அவர் சேலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். விமானத்தின் எந்த இடத்தையும் அது தொடவில்லை. காதைத் தீட்டி அந்த அமைதியைக் கொஞ்சம் கேட்டார். பிறகு, “உனக்கு டீ சர்வீஸ் இருக்கிறது, போ” என்று சொல்லி, என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டார்.

நான் டீ ஊற்றிவிட்டுத் திரும்பியபோது கேலி வாசலில் வரிசை நின்றது. செய்தி பரவியிருந்தது. கிரைப் வாட்டர்காரர் ஒரு முனை பிடித்தார். காது அடைப்பு அம்மாள் பிடித்தார். கோட்டுக்காரப் பெரியவரும் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார். அவர் ஆட்டிய ஆட்டத்தில் குழந்தைக்கு முன்னால் அவருக்கே கண் சொருகியது. சேகர் மட்டும் தன் முனையை யாருக்கும் தரவில்லை. “ஸ்லோ, ஸ்லோ, லெஃப்ட்ல எறக்கு” என்று எதிர்முனைக்காரர்களுக்கு கிரேன் சைகை காட்டிக்கொண்டே இருந்தார்.

கருங்கடல் பக்கம் போகையில் சீட் பெல்ட் விளக்கு எரிந்தது, மணி அடித்தது. நான் சொல்லும் முன்பே சேகர் மகளைச் சேலையோடு அள்ளி மார்பில் அணைத்துக்கொண்டார். கடைசி வரிசையில், கழிவறைக்குப் போயிருந்த ஒருவரின் சீட்டில் சேகரைத் தள்ளி உட்காரவைத்து, குழந்தை பெல்ட்டை அவர் பெல்ட்டோடு கோத்து மாட்டினேன். பள்ளத்தில் விழுந்ததுபோல விமானம் ஒரே போடாக இறங்கியது. கேலியில் கப்புகள் உருண்டன. கழிவறைக்குள்ளிருந்து ஒரு அலறல் கேட்டது.

சேகர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பூந்தமல்லி ரோடுதாம்மா” என்றார். மகள் குறட்டை விட்டாள்.

ஹீத்ரோ

பயணிகள் வெளியே வருகிற வழியில்தான் எங்கள் க்ரூவும் போனது. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், பெரிய கோட்டும் சிவப்பு மஃப்ளருமாக விமலா நின்றிருந்தார். சேகர் பக்கத்தில் போனார். மகள் தூங்கி எழுந்து நல்ல மூடில்தான் இருந்தாள். “அம்மா பாரு!” என்றார். விமலா கையை நீட்டினார். அவள் பார்த்தாள். முகத்தை அப்பா கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

நான் பெட்டியோடு அங்கேயே நின்றுவிட்டேன். சேகர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார்.

விமலா நீட்டிய கையை மடக்கவில்லை. அதே கையால் சேகர் தோளிலிருந்த பையை வாங்கி மாட்டிக்கொண்டார். “வரலேன்னா இன்னா? நான் எங்க ஓடிப் பூடப் போறேன்?” என்றார். “நட, குளிருது.”

மூவரும் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அப்பா தோளிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு சிவப்பு மஃப்ளரின் நுனியைப் பிடித்தது. இழுத்துப் பார்த்தது. விடவில்லை. விமலா அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்திருக்கலாம். அவர் கழற்றவில்லை. அந்த இழுப்புக்குக் கழுத்தைச் சாய்த்தபடியே, கோணலாக, கதவு வரைக்கும் நடந்தார்.

ஹோட்டலுக்குப் போகும் பேருந்தில் பரூச்சா மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். “அடுத்த வாரம் நியூயார்க் வருகிறாயா?” என்று மட்டும் கேட்டார்.

போனேன். அதன் பிறகு எத்தனையோ வருடம் பறந்தேன், கடைசியில் புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுத்தேன். அவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: கைக்குழந்தையோடு ஒருவர் ஏறினால் பால் வேண்டுமா, போர்வை வேண்டுமா என்று ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் எப்படித் தூங்கும் என்று முதலில் கேளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எல்லா நேரமும் முடியும் என்று சொல்லமாட்டேன். பட்டாபிராம் பெண் ஒருத்தியிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். “எங்க ஊட்டுக்காரரு ஸ்கூட்டர்ல வெச்சு ஒரு ரவுண்டு அடிச்சாதான் தூங்கும் மேடம்” என்றாள்.