உளுந்தஞ்செடியில் வழுக்கியவர்

அறுபதுகளில் நான் தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார். பொங்கல் லீவில், மோட்டார் சைக்கிளில் நாடு சுற்ற வந்த ஐந்து வெள்ளைக்காரர்களைக் குற்றாலத்திலிருந்து திருநெல்வேலிக்குக் கூட்டிப்போகும் வேலை வந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும், சொந்தமாக வண்டியும் இருந்தது.

ஆலங்குளத்துக்கு முன்னால் ரோட்டில் உளுந்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும். எங்கள் பக்கம் அப்படித்தான். வழக்கம்போல நான் அதன்மேல் ஏற்றிப் போய்விட்டேன். பின்னால் சத்தம் கேட்டது. எனக்கு அடுத்து வந்த நெட்டையர் வழுக்கி விழுந்து கிடந்தார். முழங்கையில் ரத்தம்.

செடியைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரால் காயத்தைக் கழுவினார்.

"பாவம், அவருக்கு என்ன தெரியும்? கூட்டிட்டு வார ஆளு முன்னாலயே சொல்லாண்டாமா, தம்பி?" என்றார் என்னிடம்.

அந்தம்மா என்ன சொல்கிறார் என்று நெட்டையர் கேட்டார்.

"ரோட்டில் பரப்பியது தன் தப்பாம். மன்னிக்கச் சொல்கிறார்" என்று நாக்கூசாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் முகம் வாடிவிட்டது. குனிந்து, சிதறிய செடிகளை ஒரு கையால் அள்ளிச் சேர்த்தார்.

"சாப்பிடுகிற பொருள்மேல் வண்டியை ஏற்றியவன் நான். நான்தான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றார்.

அதை அப்படியே சொன்னேன்.

"அவரு எதுக்குத் தம்பி கேக்காரு?" என்றார் அந்தம்மா.

வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அங்கே இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இரண்டிலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.