ஸ்டாண்ட் விளக்கை அணைத்த மெக்கானிக்

கம்பைநல்லூர் பக்கம் விவசாயம் செய்கிறேன். ஒருநாள் காலை பைக்கின் சைடு ஸ்டாண்டை எடுத்த பிறகும் மீட்டரில் ஸ்டாண்ட் விளக்கு அணையவில்லை. ஸ்டாண்ட் இன்னும் கீழே இருப்பதாக எடுத்துக்கொண்டு, கியர் போட்டதும் இன்ஜின் நின்றது. பக்கத்துப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் சரியாகக் குனிந்துகூடப் பார்க்காமல், "சென்சார் போச்சுங்க" என்றார். கொஞ்ச நேரம் ஏதோ செய்துவிட்டு, "இனிமே லைட்டும் எரியாதுங்க, வண்டியும் நிக்காதுங்க" என்றார். நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் மனைவியோடு அரூருக்குக் கிளம்பும்போது ஸ்டாண்டை எடுக்க மறந்துவிட்டேன். இடப்பக்க வளைவில் வண்டி சாய்ந்ததும் ஸ்டாண்ட் தரையில் இடித்தது. எதிரே வந்த லாரியின் முன்னால் போய் விழுந்தோம். டிரைவர் பிரேக் அடித்ததால் பிழைத்தோம்.

மனைவி எழுந்ததும் கேட்டாள்: "ஸ்டாண்டு போட்டிருந்தா இன்ஜின் நின்னுருமே, எப்படிங்க ஓடுச்சு?"

மெக்கானிக்கிடம் போய் அதையே கேட்டேன்.

"சென்சார் ஒயர வெட்டி நேரா சேத்துட்டேங்க. எல்லாரு வண்டிக்கும் இதான் பண்றோம்" என்றார், பல்லைக் குத்திக்கொண்டே.

வேறொரு பட்டறையில் காட்டினேன். சென்சார் கெடவே இல்லை. எங்கள் மாட்டுக் கொட்டகைச் சாணி அதில் காய்ந்து அப்பியிருந்தது. கழுவிவிட்டு ஒயரைப் பழையபடி இணைத்ததும் சரியாகிவிட்டது.

தினமும் சாணி அள்ளுகிறவன் நான். ஒருநாளும் குமட்டியதில்லை. ஒயரை வெட்டிய அந்தப் பட்டறையைக் கடக்கும்போது குமட்டுகிறது.

இப்போதெல்லாம் ஸ்டாண்டை நானே பிரஷ் போட்டுக் கழுவுகிறேன். யார் ரிப்பேர் பார்த்தாலும், அங்கேயே ஸ்டாண்டைப் போட்டபடி கியர் போட்டுப் பார்க்கிறேன். இன்ஜின் நின்றால்தான் வண்டியை வீட்டுக்கு எடுத்து வருவேன்.