பெடாஸ் தோட்டத்துப் பாடாங்கில் ஒரு பிடி மாவு

செவ்வாய்க்கிழமை பகல் ரயிலில் இரண்டு காகிதப் பொட்டலங்கள் கோலாலம்பூருக்குப் போய்விட்டன. வட்டாரக் காவல் நிலையத்தின் எழுத்தர் இதைத் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். ஒன்றில் பாடாங்கின், அதாவது விளையாட்டுத் திடலின், நடுக்கோட்டிலிருந்து அள்ளிய வெள்ளைத் தூள். மற்றதில் காட்டுப் பக்கத்து மூலையில் அள்ளியது. சோதனைச்சாலையின் பதில் வரும்வரை பெடாஸுக்கு அப்பாலுள்ள அந்தப் புதிய பாடாங்கில் யாரும் கால் வைக்கக் கூடாது. ஆகவே, வரும் சனிக்கிழமை பந்தாட்டம் பார்க்கக் கிளம்ப நினைத்திருந்த வாசகர்கள் பயணத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் போன சனிக்கிழமையே போனேன். சிரம்பானிலிருந்து தோட்டத்து உறவினர்களைப் பார்க்கப் போகிறவர்கள் எந்த பஸ்ஸைப் பிடிப்பது, எதைக் கொண்டுபோகலாம் என்று எழுதுவதுதான் திட்டம். உடன் வந்தவர் திரு. அருளப்பன். நகரப் பூங்காக்களின் மேற்பார்வையாளர். ஏரிக்கரைப் பூச்செடி, பாடாங் புல், குழந்தைகளின் ஊஞ்சல், சனிக்கிழமை மாலை பேண்டு வாத்தியம் எல்லாம் அவர் பொறுப்பு. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை முள்கம்பிக்குள் அடைத்த பிறகு அங்குள்ளவர்களுக்கு வேலை விட்டால் சுவரைப் பார்ப்பதைத் தவிர வேறில்லை. அருளப்பன் எட்டு மாதம் மனு எழுதி, நான்கு தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு திடல் வாங்கினார். முதல் ஆட்டம் அன்று மூன்று மணிக்கு.

பஸ் காலை 7.10க்கு. பெடாஸுக்குப் பதின்மூன்று மைல், கட்டணம் அறுபது காசு. நான்காவது மைலில் முதல் சோதனை. எங்களுக்கு முன்னால் இருந்த அம்மாள் பையில் ஒரு பன் இருந்தது. ‘இங்கேயே தின்று முடி’ என்று கான்ஸ்டபிள் சைகை காட்டினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அந்த அம்மாள் அழுதுகொண்டே தின்றார்.

அருளப்பனிடம் இரண்டு பந்து, ஒரு வலை, கோடு போட இரண்டு மூட்டை சுண்ணாம்புத் தூள். கான்ஸ்டபிள் ஒரு மூட்டையைக் கத்தியால் கிழித்தார்.

“தெப்போங்?” மாவா என்று கேட்டார்.

“தெப்போங் இல்ல என்சே, காப்போர். சுண்ணாம்பு!” என்றார் அருளப்பன்.

மோந்து பார்த்துவிட்டுப் போக விட்டார். ஆனால் கிழிந்த மூட்டையில் பாதி சாலையிலேயே போயிற்று. இதை நினைவில் வைத்திருங்கள்.

பெடாஸில் 8.25. அங்கிருந்து தோட்டத்து லாரி, மூன்றரை மைல் செம்மண் சாலை. ஓட்டுநர் சின்னப்பனுக்கு வாய் ஓயவில்லை. இரண்டாவது மைல் கல் தாண்டியதும் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணே, இந்த வளைவு முடியிற வரைக்கும் பேசாதீங்க.”

“பேசினால் சுடுவார்களா?” என்றேன்.

“பேசுனா எனக்குக் காது கேக்காதுலா. வெடிச் சத்தம் கேட்டாத்தானே மிதிக்க முடியும்?”

வளைவின் உட்புறம் ஒரு லாரியின் எரிந்த எலும்புக்கூடு கிடந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. வளைவைக் கடக்க எத்தனை நேரம் ஆனது என்று இந்தக் கட்டுரைக்காகக் கடிகாரத்தைப் பார்க்க நினைத்தேன். கை பையை விடவில்லை.

தோட்டத்தின் பெயரை எழுதக் கூடாது என்று அனுமதிச் சீட்டிலேயே நிபந்தனை. இரட்டைக் கம்பி வேலி, ஒரு வாசல், ஒரு காவல் கோபுரம். வாசல் பலகையில் மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது: ஒரு பருக்கை அரிசியும் வெளியே போகக் கூடாது. ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோக முடியாது. காட்டில் ஒளிந்து அரசோடு போரிடும் கம்யூனிஸ்டுகளுக்கு அது போய்ச் சேரும் என்பது காரணம். பிடிபட்டவர்களைப் பற்றி லயத்தில் யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. ‘அவன் போயிட்டான்’ என்பதோடு சரி.

உள்ளே சமதரை இல்லாததால் பாடாங் வேலிக்கு வெளியே, எண்பது கஜம் தள்ளி இருக்கிறது. மூன்று பக்கம் ரப்பர், நான்காவது பக்கம் காடு.

கோடு போடும் வண்டியைக் கொண்டுவர முடியாததால், ஓட்டை போட்ட பால் டின்னில் சுண்ணாம்பை நிரப்பி அருளப்பன் உதறிக்கொண்டே நடந்தார். புல் செதுக்க வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள்.

“ஐயா, கோடு போடுறீங்களா, சாரைப்பாம்பு போன தடத்தக் காட்டுறீங்களா?” இதைக் கேட்டவர் அங்கம்மா. பால்வெட்டுபவர், முப்பது வயதிருக்கும். கணவர்தான் அன்றைய ஆட்டத்தில் கோல் காவலர்.

“வாய் பேசாம நீ போட்டுக் காட்டேன்மா.”

“டின்ன அங்கிட்டு வைங்க. கை எதுக்கு இருக்கு?”

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சுண்ணாம்பை விட்டுக்கொண்டே குனிந்து நடந்தார். கோலம் போடும் அதே விரல். நூல் பிடித்தது போல் கோடு விழுந்தது. நடுவட்டத்தை ஒரே சுற்றில் முடித்தார். அருளப்பன் தொப்பியைக் கழற்றினார். அந்த நாளில் எல்லோரும் சிரித்தது அப்போதுதான்.

11.40க்குச் சுண்ணாம்பு தீர்ந்தது. காட்டுப் பக்கத்து மூலையில் மட்டும் ஒரு பாகம் பாக்கி.

“விடும்மா, போதும். பந்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது.”

“மூலையத் திறந்து போடக் கூடாதுய்யா. அதுவும் அந்தப் பக்கம் காடு.”

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். காலையில் வேலிக்குள்ளிருக்கும் கோயில் வாசலில் கோலம் போட்டு மிஞ்சிய அரிசி மாவு, ஒரு பிடி. வாசலில் பெண்களைச் சோதிக்கும் அம்மாள் அன்று காய்ச்சலில் வரவில்லை. முடிச்சில் இருப்பதை அங்கம்மாவே மறந்திருந்தார். என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைப்பதற்குள் மூலை மூடியிருந்தது. எங்களுக்கும் அப்படித்தான். காவல் கோபுரத்தில் விசில் ஒலித்தது.

நடுப்பகலில் ஆட்டக்காரர்கள், பெண்கள், நாங்கள் எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார வைக்கப்பட்டோம். 1.20க்கு இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. தோட்டத்துக் கணக்கரான கிராணி மொழிபெயர்த்தார்.

“முந்தானையில் கொண்டுவந்து கொட்டியது யார்?”

அருளப்பன் எழுந்தார். “எல்லாம் சுண்ணாம்பு. நான் கொண்டு வந்தது. பாடாங் என் பொறுப்பு.” நடுக்கோட்டில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணில் நீர் வழிந்தது. உதடு உடனே வீங்கத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் நோட்டை மூடப் போனார்.

அப்போதுதான் எறும்புகளைப் பார்த்தேன். மூலையின் வெள்ளைக் கோட்டில் மட்டும் கறுப்பாக ஒரு வரிசை, காட்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பை எந்த எறும்பும் தூக்காது. முப்பது வருடமாகப் பார்த்ததைச் சொல்லிப் பிழைப்பவன் நான். அன்று வேறு பக்கம் முகத்தைத் திருப்பினேன். ஆனால் இன்ஸ்பெக்டர் நான் முதலில் பார்த்த இடத்தைப் பார்த்துவிட்டார். மெதுவாக நடந்து போய், மூலையில் குனிந்தார்.

யாரும் கைகாட்டும் முன் அங்கம்மா எழுந்தார். “அது நான் போட்டது. ஒரே ஒரு பிடி. சாமி வாசல்ல மிஞ்சினது.”

“நான் சொல்லித்தான் போட்டாள்,” என்றார் அருளப்பன். வீங்கிய வாயில் அந்தப் பொய் குழறிக்கொண்டு வந்தது.

“பொய் சொல்லாதீங்கய்யா! போதும்னு சொன்னது நீங்க.” பிறகு கிராணியைப் பார்த்தார். “என்னைக் கப்பல்ல ஏத்தி ஊருக்கு, இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களா? நான் இந்த லயத்துல பொறந்தவ. எனக்கு எந்த ஊரு?”

கிராணி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு பொட்டலங்கள் கட்டப்பட்டன. அங்கம்மா தினமும் வாசலிலும், அருளப்பன் தினமும் சிரம்பான் காவல் நிலையத்திலும் கையெழுத்திட வேண்டும். ஆட்டம் நடக்கவில்லை. 4.15 லாரியில் திரும்பினோம். வளைவில் சின்னப்பன் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. பஸ்ஸில் அருளப்பன் என் பக்கம் திரும்பினார்.

“ஊஞ்சல் சங்கிலிக்கு நாளைக்கு எண்ணெய் போடணும். என்னைப் புடிச்சு உள்ள வச்சுட்டா பூங்கா சாவிய யார்கிட்ட குடுக்கிறது?”

போக வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்குச் சில வார்த்தை. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பெடாஸிலிருந்து கடைசி பஸ் 5.05, அதைத் தவறவிட்டால் ஊரடங்கு. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பவுடர், திருநீறு, மாவு, எந்தத் தூளும் வேண்டாம். முந்தானை முடிச்சு, வேட்டி மடிப்பு, சட்டைப் பை எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே உதறிப் பாருங்கள். ஒரு முறைக்கு இரு முறை.

நேற்று சின்னப்பன் டவுனுக்கு வந்திருந்தார். தோட்டத்தில் மழையில்லை, சுண்ணாம்புக் கோடுகள் அப்படியே இருக்கின்றனவாம். காட்டுப் பக்கத்து மூலையை மட்டும் எறும்புகள் சுத்தமாகத் தூக்கிப் போய்விட்டன. அது திறந்துதான் கிடக்கிறது. அங்கம்மா வேலிக்குள் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

சோதனைச்சாலையின் பதிலும், இருவரைப் பற்றிய அதிகாரியின் முடிவும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எதிர்பார்க்கப்படுகின்றன.