கொக்கிளாயில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த வான் இஞ்சின்

கடந்த ஓகஸ்ட் மாத நீதிமன்ற விடுமுறையில், ஒரு வானின் சொந்த இஞ்சினைத் தேடிக் கிளிநொச்சியிலிருந்து கொக்கிளாய் வரை போய்வந்தேன். ஒருவழித் தூரம் நூறு கிலோமீற்றருக்கும் குறைவு. ஆனாலும் புறப்படுவதற்கு முதல்நாள் பிள்ளைகளைப் போல எனக்கும் நித்திரை வரவில்லை.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வவுனியாவில் சட்டத்தரணி. கிளிநொச்சிக்கு அருகே வட்டக்கச்சியைச் சேர்ந்த ராஜேந்திரன் என்ற வான் சாரதி ஆலோசனை கேட்டு வந்தார். அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து வயல் செய்தவர்கள். அவர் ஸ்ரியரிங்கைப் பிடித்துவிட்டார். அவரிடம் இருப்பது இலங்கையில் ‘டொல்பின்’ என்று எல்லோரும் அழைக்கும் யப்பான் வான். ஏ9 வீதி மூடப்பட்டு டீசல் அரிதாகியிருந்த காலத்தில், அப்போதைய உரிமையாளர் அதன் இஞ்சினைக் கழற்றி விற்றிருக்கிறார். போருக்குப் பின்னர் வெறும் கூடாகக் கிடந்த வானை ராஜேந்திரன் வாங்கி, பழைய இரும்புக் கடையொன்றில் கிடைத்த வேறோர் இஞ்சினைப் பூட்டி ஓட்டிவருகிறார்.

சிக்கல் இதுதான். அந்த வானில் பதினெட்டுப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள். அடுத்த தவணையிலிருந்து வாகனம் சாரதியின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும், இல்லையெனில் சேவையை வேறொருவருக்குக் கொடுப்போம் என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். பழைய உரிமையாளர் ஒப்பமிடத் தயார். ஆனால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள இஞ்சின் எண் வேறு, வானில் உள்ள எண் வேறு. புதிய எண்ணைப் பதிவதற்கு வழி உண்டு. அதற்கு அந்த இஞ்சின் வந்த வழியைக் காட்ட வேண்டும். ராஜேந்திரனிடம் அதற்கு ஒரு துண்டுச் சான்றும் இல்லை.

“பழைய இஞ்சின் இருக்கிற இடம் தெரியும் சேர்,” என்றார். “கொக்கிளாயில ஒரு அக்கா அதை வச்சு ஐஸ் உடைக்கிறாவாம். என்ர இஞ்சினை அவாவிட்டைக் குடுத்திட்டு அதை வாங்கினால் சரிவருமோ?”

ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்கு வாகனப் புத்தகம் கிடையாது. ஆகவே சரிவரும் என்றேன். நானும் வருகிறேன் என்று அடுத்துச் சொன்னது ஆலோசனையில் அடங்காது.

நான் ஓட்டுவதும் அதே கம்பனியின் சின்னக் கார்தான். கம்பனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பார்கள், குறை சொன்னால் கடிதம் வரும். நான் வாசித்த அளவில் அதன் கதை நெசவுத்தறியில் தொடங்குகிறது. நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியை உருவாக்கிய குடும்பம் அது. மகன் கார் செய்ய ஆசைப்பட்டார். குடும்பப் பெயரில் ஓர் ஒலியை மாற்றிக் கம்பனிக்கு வைத்தார்கள். முதலில் விற்ற லொறிகள் வழியெங்கும் நின்றனவாம். கம்பனி ஆட்களே போய்த் திருத்திக் கொடுத்தார்களாம். உலகப் போருக்குப் பின்னர் மூடும் நிலை வரை போய் மீண்டார்கள். பிழை கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்ற தொழிற்சாலை வழக்கம், அந்தத் தறியின் குணம்தான் என்று எனக்குப் படுகிறது.

காலை ஆறு மணிக்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். கிளிநொச்சிக்கு எழுபத்தாறு கிலோமீற்றர். எட்டு மணிக்கு முன்னரே இறங்கிவிட்டேன். ராஜேந்திரன் வானைக் கழுவி வைத்திருந்தார். பெண் பார்க்கப் போகிறவர் போலத் தானும் புதுச் சேர்ட் போட்டிருந்தார்.

பரந்தன் சந்தியில் தேநீருக்கு நிறுத்தினோம். அங்கே நின்ற லொறிச் சாரதி ஒருவரிடம் இந்தக் கம்பனி வாகனங்களைப் பற்றிக் கேட்டேன்.

“சாமான் நல்லம்தான் ஐயா. ஆனால் பழசாகப் பழசாக விலை ஏறுது. பழசாகினால் மதிப்பில்லாதது நான் மட்டும்தான்,” என்றார்.

பக்கத்தில் இருந்த முச்சக்கரவண்டிக்காரர் விடவில்லை. “நானும் ஒரு டொல்பின் வச்சிருந்தனான். சூடாகி ஹெட் வெடிச்சுது, நடுறோட்டில படுத்தன். அதோட வித்திட்டன்.”

“தண்ணி பாக்காமல் ஓடினது கம்பனியின்ர பிழையோ?” என்றார் ராஜேந்திரன்.

“நீ என்ன, அந்தக் கம்பனிக்கு மருமகனோ?”

இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. வன்னியின் வெயிலில் குளிர்நீர் பார்க்காமல் ஓடினால் இந்த வான்களின் சிலிண்டர் ஹெட் வெடிப்பதுண்டு என்று பின்னர் எங்களோடு சேர்ந்த மெக்கானிக்கும் உறுதிப்படுத்தினார்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஐம்பத்திரண்டு கிலோமீற்றர், நல்ல வழவழப்பான கார்ப்பெற் வீதி. விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டும்வரை எதிரே வந்த வான்களை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். பெரும்பாலானவை ஒரே முகம். முல்லைத்தீவில் மெக்கானிக் நௌபரை ஏற்றினோம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, திரும்பிவந்து கராஜ் போட்டவர். இஞ்சின் தூக்கும் செயின் புளொக், சாவிப் பெட்டி, இரண்டு லீற்றர் மண்ணெண்ணெய் எல்லாம் பின்னால் ஏறின.

அங்கிருந்து கொக்கிளாய் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். அளம்பில், நாயாறு, கொக்குத்தொடுவாய் என்று கடலை ஒட்டிய வீதி. நாயாற்றுப் பாலத்தில் கட்டாயம் நிறுத்துங்கள்: ஒரு பக்கம் களப்பின் அசையாத உப்புநீர், மறுபக்கம் கடல். நாங்கள் இரண்டு நிமிடம்தான் நிறுத்தினோம். எனக்கே அவசரம்.

ராஜேந்திரன் சொன்ன யோகமக்காவின் வளவு களப்பிலிருந்து கூப்பிடு தூரம். அவா மீன் வாங்கி, ஐஸ் போட்டு, லொறிக்கு அனுப்புபவர். தகரக் கொட்டிலுக்குள் எங்கள் இஞ்சின் சீமெந்துக் கட்டின்மேல் நின்று பெல்ட் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ராஜேந்திரன் என் கையைப் பிடித்துவிட்டார்.

“லோயரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்,” என்றார் யோகமக்கா. “இஞ்சின் கேக்க வந்தனியோ, என்னை மறியற்சாலைக்கு அனுப்ப வந்தனியோ?”

அவா அதை வாங்கியது அளம்பிலில் இடம்பெயர்ந்து இருந்தபோது. கடைசி இடப்பெயர்வில் என்ன செய்தார் என்று கேட்டேன்.

“கிறீஸ் பூசி, படங்குச் சீலையால சுத்தி, வளவுக்க புதைச்சிட்டுப் போனனாங்கள். எல்லாரும் அப்பிடித்தானே. திரும்பி வந்து தோண்டேக்க நான் கிணத்தடி எண்டன், மனுசன் பூவரசடி எண்டார். ரெண்டு இடமும் குளமாப்போச்சு. கடைசியில நடுவில கிடந்தது.”

மண்ணுக்குள் அவ்வளவு காலம் கிடந்த இஞ்சின், வேறு டீசல் ஊற்றியதும் மூன்றாம் முறை ஸ்ரார்ட் ஆனது என்றார். இது அவா சொன்னது; நான் சாட்சியில்லை. நௌபர் மட்டும் தலையை ஆட்டினார்: “நான் நம்புறன்.”

இங்கேதான் தடை வந்தது. இஞ்சின் எண் பொறித்திருக்கும் இடத்தை மறைத்து ஓர் இரும்புச் சட்டம் பூட்டப்பட்டிருந்தது. எண்ணைப் பார்க்காமல் இஞ்சினைக் கழற்றுவது முறையல்ல என்றேன். கழற்றாமல் எண்ணைப் பார்க்க முடியாது என்றார் நௌபர். யோகமக்கா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நம்பர் பிழையெண்டால்?”

“இருந்தபடி திருப்பிப் பூட்டித் தாறம் அக்கா,” என்றார் ராஜேந்திரன்.

“நாளைக்கு விடிய படகு வரேக்க ஐஸ் இல்லாட்டி? மீன் உன்ர லோயரைப் பாத்துக்கொண்டு கிடக்குமோ?”

உடன்படிக்கை ஒன்று எழுதித் தரலாம் என்று நான் சொன்னேன். “எழுத்து என்ர ஐஸை உடைக்காது,” என்றார். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார்: ராஜேந்திரனின் வானிலுள்ள இஞ்சினைத் தன் கட்டின்மேல் பூட்டி, விடிய வரும் மீனுக்கு ஐஸ் உடைத்துக் காட்ட வேண்டும். அதுவரை பழைய இஞ்சின் தன் வளவை விட்டு அசையக்கூடாது. நான் இதுவரை வரைந்த நிபந்தனைகளில் இதைவிடச் சுத்தமானது ஒன்றிருப்பதாக நினைவில்லை.

அன்றைய ஐஸ் வேலை முடிந்ததும், பதினொரு மணியளவில் மூன்று பனங்குற்றிகளை முக்காலியாகக் கட்டிச் செயின் புளொக்கைத் தொங்கவிட்டார்கள். சட்டத்தைக் கழற்றியதும் இஞ்சின் ஒரு முழம் எழும்பியது. நௌபர் மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் அந்த இடத்தைத் துடைத்தார். துரு. மீண்டும் துடைத்தார். அரைகுறையாகச் சில கோடுகள். வெள்ளைத்தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலின் பக்கத்தால் மெல்லத் தேய்க்கத் தொடங்கினார். எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பின. அவர் சொல்ல, நான் வாகனப் புத்தகத்தின் பிரதியில் விரலை நகர்த்தினேன். கடைசி எண் மட்டும் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. ராஜேந்திரன் பார்க்க மாட்டேன் என்று களப்புப் பக்கம் திரும்பி நின்றார்.

நௌபர் இன்னொரு தாளை வைத்துத் தேய்த்தார். “எட்டு. வளைவு மூடியிருக்கு பாருங்கோ சேர்.”

பிரதியிலும் எட்டு. எந்தத் தீர்ப்புக்கும் நீதிமன்றத்தில் முகத்தை அசைக்காத நான் அங்கே கைதட்டினேன். ராஜேந்திரன் திரும்பவேயில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

“அழாதை தம்பி, வேலை கிடக்கு,” என்றார் யோகமக்கா.

மாலைக்குள் வானில் இருந்த இஞ்சின் கழன்று சீமெந்துக் கட்டுக்கு வந்தது. துளைகள் பொருந்தாமல் இரண்டு இடத்தில் சட்டம் வெட்ட வேண்டியிருந்தது. அன்றிரவு யோகமக்கா வீட்டு விறாந்தையில் படுத்தோம்.

விடிய ஐந்தரைக்குப் படகுகள் கரை தட்டின. பாரையும் சூரையுமாகக் கூடைகள் வந்தபடி இருந்தன. நௌபர் இஞ்சினைக் கிளப்பினார், ஓடியது. முதல் ஐஸ் கட்டியைப் போட்டதும் திணறியது. பெல்ட் வழுக்கி, இஞ்சின் நின்றது. ராஜேந்திரனுடைய வான் அந்த நேரத்தில் இஞ்சினில்லாமல் முற்றத்தில் நின்றது. பழைய இஞ்சின் படங்கின்மேல் கிடந்தது. மீன் கூடைகள் வெயிலை எதிர்பார்த்து இருந்தன. நௌபர் பெல்ட்டை இரண்டு நூல் அளவு இறுக்கி மறுபடி கிளப்பினார். இரண்டாவது கட்டி உடைந்தது. மூன்றாவது இன்னும் வேகமாக. கடைசிக் கூடை மூடப்படும்வரை யோகமக்கா எங்களைப் பார்க்கவில்லை. கையை உதறிக்கொண்டு வந்தவர், “கொண்டு போ,” என்றார்.

பகல் ஒரு மணிக்குப் பழைய இஞ்சின் தன் வானுக்குள் இறங்கியது. வானிலுள்ள இஞ்சின் தாங்கிகளில் ஒரு வோஷர்கூடக் கூடுதலாகத் தேவைப்படவில்லை. டீசல் குழாயிலிருந்த காற்றை எடுத்து, ராஜேந்திரன் சாவியைத் திருப்பினார். முதல்முறை இல்லை. இரண்டாம் முறை கறுப்புப் புகை தள்ளி எழும்பி, பிறகு சீராகிவிட்டது.

புறப்படும்போது யோகமக்கா முன் கதவைத் திறந்து ஏறி இருந்துவிட்டார்.

“இவ்வளவு காலமும் நிண்ட இடத்தில நிண்டு ஓடினவன். போகத் தெரியுமோ எண்டு நானும் பாக்க வேணும்.”

களப்பு முகம் வரை போய்த் திரும்பினோம். வேகம் கூடியபோது அவா முன்கண்ணாடிக்குக் கீழே கையை வைத்து அதிர்வைப் பார்த்தார். “பறவாயில்லை,” என்றார். இறங்கியபின், “ஒவ்வொரு நாளும் தண்ணி பார்,” என்று ராஜேந்திரனுக்கு உத்தரவிட்டார்.

இதே பாதையில் போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். டீசலை முல்லைத்தீவிலேயே நிரப்புங்கள். எங்களுக்குப் போகவர இருபது லீற்றர் சென்றது. கொக்கிளாயில் தங்கும் விடுதி எதையும் நான் காணவில்லை. காலையில் புறப்பட்டு மாலையில் முல்லைத்தீவுக்குத் திரும்புவது உசிதம். ஓகஸ்ட்டில் வெயில் கடுமை, மாரியில் சில வீதிகளில் வெள்ளம் நிற்கும் என்றார்கள். பழைய வாகனம் வாங்க வன்னிக்கு வருவோர் கரையோரம் ஓடியதா என்று கேட்டு, கீழே குனிந்து உப்புத் துருவைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னர் இஞ்சினிலும் அடிச்சட்டகத்திலும் பொறித்த எண்களைத் தாளும் பென்சிலும் கொண்டு எடுத்து, புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். போரில் இஞ்சின்கள் எத்தனையோ வளவுகளுக்குப் போய்விட்ட ஊர் இது. இது பொதுத் தகவல் மட்டுமே. உங்கள் விடயத்துக்கு உங்கள் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

உரிமையாளர்கள் இந்த வாகனங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டபடி போனேன். விலையைத் திட்டினார்கள், ஹெட்டைத் திட்டினார்கள், துருவைத் திட்டினார்கள். விற்றவர்கூட விற்றதை மறக்கவில்லை. தறிக்காரரின் பிள்ளைகள் எங்கோ செய்தனுப்பியதை இங்கே ஒரு பெண் கிறீஸ் பூசிப் புதைத்து, தேடித் தோண்டி எடுத்திருக்கிறார். இதைவிடப் பெரிய நற்சான்று எந்தக் கம்பனிக்கும் கிடைத்திருக்காது.

பதிவுக்கான பரிசோதனையில் எண் பொருந்தியது. வான் இப்போது ராஜேந்திரன் பெயரில் இருக்கிறது. தவணை தொடங்கிய அன்று மத்தியானம் தொலைபேசியில் அழைத்தார்.

“பதினெட்டுப் பேரும் வந்தவை சேர். ஒரு பிரச்சினை. இஞ்சின் சூடாகினால் மீன் வாடை வருது. சின்னதுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்குதுகள்.”

அதை வாகனப் புத்தகத்தில் பதியத் தேவையில்லை என்று ஆலோசனை வழங்கினேன்.