கத்தரித்தெடுத்த கையெழுத்து

நியூ ஜெர்சியில் நாங்கள் இருந்த ஊரிலிருந்து மேற்கே அரை மணி நேரம் காரில் போனால் வயல்களும் பழைய கல் வீடுகளும் வந்துவிடும். அதில் ஒரு வீட்டு வாசலில் இரும்புப் பலகை நட்டிருந்தார்கள். அமெரிக்கா சுதந்திரம் பெற்ற புதிதில் காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர் வாழ்ந்த வீடு அது. பெரிய பெயர் இல்லை. பள்ளிப் பாடத்தில் வரமாட்டார். ஆனால் நான் முதன்முதலாக வாங்கிய பழைய கையெழுத்து அவருடையதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தபால்தலை தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனவன், தபால்தலையே இல்லாத ஒரு கடிதத்தின் மேல்தாளோடு திரும்பினேன். அந்தக் காலத்தில் காங்கிரஸ் உறுப்பினர் கடிதம் அனுப்பக் கட்டணம் கிடையாது. மடித்த தாளின் மூலையில் கையெழுத்தைப் போட்டால் போதும், தபால்காரர் எடுத்துக்கொண்டு போவார். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். காபி குடித்துக்கொண்டே பார்த்துவிட்டு, "நைஸ்" என்று சொல்லி ஹெச்-ஒன் விசா, கிரீன் கார்டு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

என் மனைவி மட்டும் அதன் முன்னால் நின்று படிப்பாள். அவள் ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்டாக இருந்தவள். இங்கே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கும்வரை வேலை பார்க்க முடியாது. அதற்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இது புரியுதா?" என்று கேட்டேன்.

"டாக்டருங்க எழுதற பிரிஸ்கிரிப்ஷனுக்கு இது எவ்வளவோ தேவலைங்க. இந்த மனுஷன் எஸ்ஸை எஃப் மாதிரி போடறாரு, அவ்வளவுதான். பழகிருச்சுன்னா ஓடிரும்."

அடுத்த வருஷம் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் பழைய காகிதங்கள் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கினேன். ரசீதுகள், விதைக் கடை விளம்பரங்கள், நடுவில் இரண்டு பக்கமும் எழுதிய ஒரு கடிதம். அதன் கீழ்ப்பகுதியில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை. முன்பெல்லாம் கையெழுத்து சேகரித்தவர்கள் கையெழுத்தை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு, கடிதத்தை வீசிவிடுவார்களாம். யார் எழுதியது என்றே தெரியாத காகிதத்துக்கு என்ன மதிப்பு? ஓரமாக வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் அதைச் சட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. அந்த டபிள்யூவைப் பாருங்க. கடைசிக் கோட்டை மேல தூக்கி உள்பக்கமா சுழிச்சிருக்காரு. இதுலயும் அப்படியே. இது நம்ம ஆளு எழுதினதுதான்."

எங்கள் கவுண்டி நூலகத்தில், நம் ஊர் மாவட்ட நூலகம் மாதிரி, அவர் எழுதிய கடிதங்களின் நகல்கள் இருந்தன. நாலைந்து சனிக்கிழமை அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டாள். நூலகர் அம்மாவும் பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்துவிட்டு, "நீங்கள் சொல்வது சரி" என்றார்.

தலைநகரில் இருந்துகொண்டு அவர் தன் மனைவிக்கு எழுதிய கடிதம் அது. கூரை ஒழுகுவதைப் பற்றி, கன்றுக்குட்டியைப் பற்றி, காங்கிரஸ் வேலையில் வரும்படி போதாததைப் பற்றி எழுதியிருந்தார். முன்பக்கத்தின் கடைசி வாக்கியம், 'என் பொருட்டு' என்று ஆரம்பித்து ஓட்டையில் விழுந்து, ஓட்டைக்கு அப்பால் 'விற்றுவிடாதே' என்று முடிந்தது. பின்பக்கக் கையெழுத்தை வெட்டியவன் முன்பக்க வார்த்தைகளையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டான்.

எதை விற்க வேண்டாம் என்கிறார்? சாப்பிடும்போது எங்கள் வீட்டில் இதே பேச்சு. குதிரை என்பேன் நான். மகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். "அப்பா, இட்ஸ் தி டாக். டெஃபினிட்லி தி டாக்" என்பாள்.

பிறகு கம்பெனி என்னை நாலு மாத வேலைக்கு டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்கு அனுப்பியது. பக்கத்திலிருந்த டாலஸில் ஒரு வாரக்கடைசியில் பழைய காகிதக் கண்காட்சி நடந்தது. பொழுதுபோகாமல் போனேன். ஒரு வியாபாரியின் மேஜையில் தோல் அட்டை போட்ட ஆல்பம் இருந்தது. புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வெட்டி ஒட்டிய கையெழுத்துகள். நடுவில் ஒரு டபிள்யூ, கடைசிக் கோடு மேலே எழும்பி உள்பக்கமாகச் சுழித்து நின்றது.

அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"திருப்பிப் பாருங்க, முன்பக்கத்து வார்த்தை இருக்கும்" என்றாள் மனைவி எடுத்த எடுப்பில்.

"திருப்ப முடியலை. பசை போட்டு ஒட்டியிருக்கு. உரிச்சா கிழிஞ்சிரும்னு வியாபாரி சொல்றாரு."

"அப்ப அதைத் தொடாதீங்க. நம்ம ஆளு எத்தனையோ கடுதாசி எழுதியிருப்பாரு, வேற எதுல இருந்தாவது வெட்டினதா இருந்தா? ஹோட்டல் ஃபேக்ஸ் நம்பரைக் குடுங்க."

அவள் ஓட்டையின் மேல் மெல்லிய தாளை வைத்து அதன் உருவத்தை வரைந்து அனுப்பியிருந்தாள். விளிம்பில் அறுபட்டு நிற்கும் மைக்கோடுகளையும் விடவில்லை. மேல்வரியின் 'ஜி' ஒன்றின் வால் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது, அதையும் குறித்திருந்தாள். பக்கத்திலேயே ஒரு இஞ்ச் நீளத்துக்குக் கோடு. கீழே, "ஃபேக்ஸில் சைஸ் மாறும். இந்தக் கோடு சரியாக ஒரு இஞ்ச் வரும்வரை ஜெராக்ஸில் பெரிதாக்கவும்" என்று எழுதியிருந்தாள். அளந்து பார்த்தேன், சுருங்கித்தான் இருந்தது. நானும் இன்ஜினியர்தான், எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் கதவு திறக்கும்போதே போய் நின்றேன். ஆல்பம் அதே இடத்தில் இருந்தது. அவள் சொன்னபடி பெரிதாக்கிய ஜெராக்ஸில் அந்த உருவத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு, மீதித் தாளைக் கையெழுத்தின் மேல் மெதுவாக வைத்தேன். கத்தரிக்கோல் வழுக்கிய இடது மூலையின் சரிவு, மேல்வரியிலிருந்து இறங்கிய ஜியின் வால், எல்லாம் இம்மி பிசகாமல் பொருந்தின. வியாபாரி தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு இரண்டாம் முறை பொருத்திப் பார்த்தார்.

"இதை யார் வரைந்தது?"

"என் மனைவி" என்றேன். அந்த இரண்டு வார்த்தையை அவ்வளவு சத்தமாக நான் அதற்குமுன் சொன்னதில்லை. பக்கத்து மேஜைக்காரர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். வியாபாரி அந்த ஆல்பப் பக்கத்தை அப்படியே எனக்கு விற்றார்.

நான் ஊர் திரும்பியதும், பழைய காகிதங்களைப் பழுது பார்க்கும் ஒரு பெண்மணியிடம் கொடுத்துப் பசையை எடுத்தோம். உரித்த துண்டை அவர் ஓட்டையில் பொருத்தி வைக்க, என் மனைவி குனிந்து படித்தாள். காங்கிரஸ்காரர் விற்க வேண்டாம் என்று சொன்னது, அவர் மனைவிக்கு அவளுடைய தகப்பனார் கொடுத்த ஆப்பிள் தோட்டத்தை.

"பொறந்த வீட்டுச் சொத்துல கை வைக்காத ஆளு. நல்ல மனுஷன்தாங்க" என்றாள். மகளுக்குத்தான் நாய் இல்லை என்று கொஞ்சம் வருத்தம்.

நூலகர் அம்மா விஷயம் கேள்விப்பட்டு, கடிதத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்து ஒரு மாதம் காட்சிக்கு வைத்தார். அதற்குள் என் மனைவி பரீட்சையில் தேறி, எங்கள் ஊர் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். திறப்பன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்தாள். அவ்வளவு பழைய எழுத்தை எப்படிப் படித்தீர்கள் என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டதற்கு, "நான் பார்மசிஸ்ட். தினமும் டாக்டர்கள் எழுதுவதைப் படிக்கிறேன்" என்றாள். கூட்டமே சிரித்தது.

கொஞ்ச நேரம் கழித்து, வயல் வேலைக்குப் போடும் பூட்ஸோடு நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். அந்தக் காங்கிரஸ் உறுப்பினரின் வம்சம் என்றும், தோட்டத்தின் ஒரு பகுதி இன்னும் தங்களிடமே இருக்கிறது என்றும் நூலகரிடம் சொன்னார். பேழைமேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "எனக்கு இந்த எழுத்து பிடிபடவில்லை. கொஞ்சம் படித்துக்காட்டுவீர்களா?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

இவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். கூரை, கன்றுக்குட்டி, தோட்டம் என்று ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், ஒரு இடத்திலும் தடுக்காமல் படித்தாள். அந்தப் பெண் இவள் கையைப் பிடித்தபடி தன் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் தன் மனைவிக்கு எழுதியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற நான், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒரு மனிதரின் தோளைத் தட்டி, "அது என் மனைவி" என்றேன்.