கோழிப் பொரியலைக் காட்டிய முள்

பதினாறு வயதாகியும் நான் கடலைப் பார்த்ததில்லை. பார்த்ததிலேயே பெரிய தண்ணீர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆறுதான். ஹட்டனில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், கொழும்புக் கடற்கரையில் சாரணர் முகாம் என்று அறிவித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆனால் நடைப் பரீட்சையில் தேறியவர்களுக்குத்தான் முகாம். நோர்வூட் பக்கத்து மலையில் இரண்டிரண்டு பேராக இறக்கிவிடுவார்கள். வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து வழி கண்டுபிடித்து, மாலை பஸ் வருவதற்குள் சாரணர் மாஸ்டர் நிற்கும் பாலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். யாரிடமும் வழி கேட்கக்கூடாது. கொழுந்து பறிக்கும் பெண்கள், "தம்பிமாரே, எங்க போறீங்க?" என்று கேட்டால்கூடச் சிரித்துவிட்டு நடக்க வேண்டியதுதான்.

என் ஜோடி பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருப்பவன். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டான். அன்றைக்கு இரண்டு பேருக்குமாக அம்மா சோறும் கோழிப் பொரியலும் கட்டித் தந்திருந்தார். பொதி இருந்த பையை நான் தோளில் மாட்டிக்கொண்டேன்.

நடுமலையில் பாதை மூன்றாகப் பிரிந்தது. கலங்கவில்லை. பையை ஒரு கல்லின் மேல் வைத்து, அதன்மேல் வரைபடத்தை விரித்து, திசைகாட்டியை நடுவில் வைத்தேன். தொழிற்சாலை, தோட்டத் துரையின் பங்களா, எதிர் மலை உச்சி என்று மூன்றையும் குறிபார்த்து, படித்த பாடத்தின்படியே கோடுகள் இழுத்தேன். மூன்றும் சேரும் இடத்தில்தான் நாம் நிற்கிறோம் என்பது கணக்கு.

கூட்டாளி எட்டிப் பார்த்தான். "டேய், நாம ஆத்துக்குள்ள நிக்கிறோம்டா."

மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் ஆறுதான். வெயில் வேறு சாய ஆரம்பித்திருந்தது. முகாம் கைநழுவிப் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மொதல்ல சாப்பிடுவோம். பட்டினியா ஆத்துல நிக்க முடியுமா?" என்றான் அவன்.

திசைகாட்டியைப் பக்கத்துக் கல்லில் வைத்துவிட்டுப் பையைத் தூக்கினேன். முள்ளும் கூடவே திரும்பியது. இந்தப் பக்கம் கொண்டுபோனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் கொண்டுபோனால் அந்தப் பக்கம். கறி வாசத்துக்கு வாலாட்டும் நாயைப் போல அது பொதியையே பார்த்துக்கொண்டிருந்தது.

பையைத் துழாவினேன். அடியில், துணியில் சுற்றி, அப்பாவின் உடைந்த கவ்வாத்துக் கத்தித் துண்டு. தேயிலைச் செடி வெட்டுகிற நல்ல கனத்த இரும்பு. கறி கொண்டு காட்டு வழி போனால் முனி பின்னாலேயே வரும், இரும்பு இருந்தால் அண்டாது என்பது எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அம்மா சொல்லாமலே வைத்துவிட்டார்.

"தூக்கிப் போடு," என்றேன்.

"நீ போடேன்."

இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. பையைத் தூரமாக வைத்துவிட்டு மீண்டும் குறிபார்த்தேன். கோடுகள் ஒழுங்காகப் பாதைப் பிரிவில் வந்து சேர்ந்தன. மேற்கே போகும் பாதைதான் பாலத்துக்கு.

அவசர அவசரமாகச் சாப்பிட்டோம். மீதியைக் கட்டியபின், நான் திசைகாட்டியோடு முன்னால் நடப்பது, அவன் பையோடு தள்ளிப் பின்னால் வருவது என்று முடிவானது. காட்டுக்குள் நுழைந்ததும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"கோழியும் எங்கிட்ட, இரும்பும் எங்கிட்ட. ஒனக்கென்னடா பயம்?" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டான்.

பாலத்தை அடையவும் பஸ் தூரத்து வளைவில் தெரியவும் சரியாக இருந்தது. யாழ்ப்பாணத்து மாஸ்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "உவன் ஏன் உவ்வளவு தூரத்தில வாறான்? சண்டையோ?" நடந்ததைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிச்சமிருந்த பொரியலை அவரே முடித்தார்.

நாங்கள் தேறிவிட்டோம்.

கொழும்புக்குப் புறப்பட்ட அன்றும் அம்மா கோழி பொரித்தார். "இரும்பு ஒங்க முள்ளுக்கு ஆகாதாமே. அடுப்புக்கரி வச்சிருக்கேன், அதுக்கும் முனி பயப்படும்," என்றார். சிரித்துக்கொண்டே பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

முகாமில் பையைத் திறந்தால் சட்டை, துண்டு, கை எல்லாம் கரி. அந்தக் கறுத்த கையோடுதான் முதன்முதலாகக் கடலுக்கு முன்னால் போய் நின்றேன். அத்தனை தண்ணீர் இருந்தும், கையைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.