நனைந்த பெட்டிகளின் விலை

தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார் திலகம். ஜில்லென்று இருந்தால் மேசை விளக்கின் அடியில் பரப்பிவிட்டு வேறு வேலை பார்ப்பார். மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து மேலே ஏறும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பகலிலும் மூடுபனி ஆபீஸுக்குள் வந்து போகும். ஈரத்தாளில் மை ஊறிவிடும். "மூணு எட்டாத் தெரியும் லா" என்பார்.

தோட்டத்தின் கணக்கு எழுதும் கிராணி அவர். ஈப்போவில் கணக்கியல் படித்துத் தேறியவர். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, காதோரம் பென்சில். தோட்டத்தில் எல்லோரும் பேலன்ஸ் ஷீட் என்று சொல்லும் ஐந்தொகையை முதலில் பென்சிலில்தான் எழுதுவார். எண்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் தலைமை அலுவலகம் எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே மாதிரி அச்சுப் படிவம் அனுப்பியது. இடப்பக்கம் கடன், வலப்பக்கம் சொத்து என்ற பழைய வழக்கம் போய், எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரவேண்டும். சக கிராணி ஆண்டியப்பன் முணுமுணுத்தார். திலகத்துக்குப் பிடித்திருந்தது. "மேலேருந்து கீழ படிச்சிக்கிட்டே போலாம். ஒளிஞ்சிக்க எடமில்ல."

அந்த ஆண்டு 'சரக்குக் கையிருப்பு' வரியில் பென்சில் நின்றது. ஸ்டோர் கூரை ஒழுகி, விற்காமல் இருந்த தேயிலைப் பெட்டிகளில் ஒரு பகுதி நனைந்திருந்தது. திலகம் நேரே போய் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு வந்தார். பூஞ்சை.

மேனேஜர் செல்வராஜு கெட்டவர் அல்ல. "முழு வெலையே போடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். லாபம் கொறைஞ்சா யாருக்கும் போனஸ் இல்ல, உனக்கும்தான்" என்றார்.

அது திலகத்துக்கும் தெரியும். மகள் உஷாவைப் பினாங்குக்குப் படிக்க அனுப்ப அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். அன்று முழுக்க அந்த வரியைக் காலியாகவே வைத்திருந்தார். மறுநாள் நனைந்த பெட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி வந்து மேனேஜர் மேசையில் தாள் விரித்துக் கொட்டினார்.

"இத யாரு வாங்குவாங்க, தொர? பேரச் சொல்லுங்க, முழு வெலையே போடுறேன்."

செல்வராஜு கட்டிதட்டிய தூளை விரலால் கிளறினார். "எழுதுறத எழுது" என்றார். திலகம் அந்தப் பெட்டிகளின் விலையைக் குறைத்து எழுதிய ஐந்தொகையில் கையெழுத்தும் போட்டார்.

போனஸ் வரவில்லை. உஷாவின் படிப்பு ஓராண்டு தள்ளிப்போனது. ஆண்டியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியே சாப்பிட ஆரம்பித்தார். "ஒரு வரிதானே அக்கா" என்று ஒரு தடவை சொன்னதோடு சரி.

ஒரு மதியம் திலகம் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். டிபன் கேரியரைத் திறந்து, நெத்திலிச் சம்பலில் பாதியை, கேட்காமலே அவர் தட்டில் வைத்தார்.